நாலு பத்துக்குள் ஒரு வரி

அப்பா அம்மா அவளுக்கு வைத்த பேர் வேறு. ஆனால் இருபத்திரண்டு வயதில் ஒட்டிக்கொண்ட ‘ராங் நம்பர்’தான் கடைசிவரை நின்றது. தொலைபேசி நிலையத்தில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பேர். பாசத்தில் வைத்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை, அவளுக்கு வேலை போன அன்று வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒருவர் இன்னொருவரோடு பேச வேண்டுமானால் நடுவில் ஒரு பெண் வேண்டும். அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, துளைகள் நிறைந்த பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, கேட்ட எண்ணுக்குக் கம்பியைச் செருகிவிடுவாள். அப்படிப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த அறையில் இவளுக்குக் கடைசி நாற்காலி. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்ட மயக்கத்தில் கம்பியை மாற்றிச் செருகிவிட்டாள். மருந்துக்கடையைக் கேட்ட ஒரு பெண்மணிக்கு, மகனைக் கேட்ட ஒரு பெரியவர் கிடைத்தார். உடனே வைத்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே காத்திருந்தாள். அவர்கள் வைக்கவில்லை. ஒன்பது நிமிஷம் பேசினார்கள், முழங்கால் வலியைப் பற்றி. முடிக்கும்போது பெரியவர், “உடம்பப் பாத்துக்கோங்கம்மா” என்றார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குப் பிடித்தது இவளுக்குப் பித்து. அதன் பிறகு மூன்று வாரம், தினமும் இரண்டிலிருந்து மூன்று மணிவரை, வேண்டுமென்றே மாற்றிச் செருகினாள். திட்டியவர்கள் நிறையப் பேர். பேசியவர்களும் இருந்தார்கள். கடைசியில் ஒரு வக்கீலை இன்னொரு வக்கீலோடு இணைத்துத் தொலைத்தாள். புகார் மேலே போய்விட்டது.

“ஏம்மா இப்படிச் செஞ்சே?” என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

“இல்லேன்னா அவங்க ரெண்டு பேரும் பேசியே இருக்க மாட்டாங்க சார்.”

அந்தப் பதிலை அவர் அப்படியே எழுதிக்கொண்டு, கீழே வேலை நீக்கம் என்று எழுதினார்.

செய்தித்தாளில் நாலு வரி வந்தது. அதைப் படித்த ஒரு கலைக் கல்லூரி ஆசிரியர் வீடு தேடி வந்தார். “நீங்க செஞ்சது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார். “தெரியும் சார். தப்பு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்” என்றாள். “தப்பு இல்லம்மா, கலை” என்றார் அவர். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் இப்படிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? வாழ்நாள் முழுக்க அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அலுவலகங்களுக்கு ஃபேக்ஸ் வந்த காலத்தில் ஒரு வெள்ளைத் தாளில் ஒரே ஒரு கோடு போட்டு முன்பின் தெரியாத ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினாள். ‘நீங்களும் ஒரு கோடு போட்டு, உங்களுக்குத் தெரியாத ஓர் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று கீழே குறிப்பு. ஏழு மாதம் சுற்றிவிட்டுத் தாள் அவளிடமே திரும்பியபோது முழுக்கக் கறுப்பாக இருந்தது. அதைச் சட்டம் போட்டு ஒரு கண்காட்சிக் கூடத்தில் மாட்டினார்கள். அதன் முன்னால் நின்று கண் கலங்கியவர்களும் உண்டு, இதைக் காட்டவா கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. அவள் கணவர் இரண்டாவது வகை. மகளுக்கு ஆறு வயதானபோது தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனார். சண்டை ஒன்றும் இல்லை. “தெரியாதவங்க மேல உனக்கு அவ்வளவு அக்கறை. நான் கொஞ்ச நாள் தெரியாதவனா இருந்து பாக்கறேன்” என்றார். நகைச்சுவை உள்ள மனிதர். திரும்பி வரவில்லை.

பிறகு அவள் ஒரு புத்தகம் எழுதினாள். மெல்லிய புத்தகம், பேர் ‘தெரியாதவர்’. தெரிந்தவர் பேசுவது செய்தி, தெரியாதவர் பேசுவதுதான் கலை என்பது அதன் சாரம். வலைப்பின்னல் என்பது சேமித்து வைக்கும் அலமாரி இல்லை, கைமாறிப் போவதுதான் அதன் உயிர், நகல் எடுத்த கணமே அது செத்துவிடுகிறது என்றெல்லாம் அடித்துச் சொல்லியிருந்தாள். கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். விமானத்தில் வரவழைத்துப் பேசச் சொன்னார்கள். மேடை ஏறிப் பேசத் தொடங்கினால் மைக்கைப் பிடுங்க முடியாது.

அந்தப் பேச்சையெல்லாம் செயலாக்கிக் காட்டியதுதான் ‘நூறு வரி’. கணினி வலையில் ஒரு பக்கம், அதை ஓட்டும் மெஷின் ஒரு பல்கலைக்கழகத்தில். அதில் எப்போதும் நூறே நூறு வரிகள். யார் வேண்டுமானாலும் வந்து ஒரு வரி எழுதலாம். அது மேலே ஏறும், அடியில் இருக்கும் வரி விழுந்து காணாமல் போகும். விழுந்ததை எங்கேயும் எடுத்து வைப்பதில்லை. ஒரு கருவியிலிருந்து வாரத்துக்கு ஒரு வரிதான். இருபத்துநாலு மணி நேரம் யாருமே எழுதாவிட்டால் பக்கம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், மறுபடி திறக்காது.

இவ்வளவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. திறப்பு நாளன்று, கூட்டம் நிறைந்த அரங்கில், கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு கண்டபடி விசைகளைத் தட்டிப் பாஸ்வேர்டை மாற்றினாள். என்ன தட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. “இனிமே இந்த விதிகளை யாராலயும் மாத்த முடியாது, என்னாலயும்!” என்று துணியை அவிழ்த்தாள். அப்படியொரு கைதட்டல். ஒருத்தி தன் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டதற்கு ஊரே கைதட்டியது.

அதெல்லாம் நல்ல காலம். காலையில் ஒருவர் ‘இன்றைக்கு நேர்முகத் தேர்வு, கை நடுங்குகிறது’ என்று எழுதினால், அவர் பேருந்து ஏறுவதற்குள் அந்த வரி அடியில் போய் விழுந்துவிடும். அதற்குள் நாலு பேர் தைரியம் சொல்லியிருப்பார்கள். அப்புறம் எல்லோர் கைக்கும் போன் வந்தது, எல்லோரும் பேச ஆயிரம் இடம் வந்தது. நூறு வரிக்கு வருகிறவர்கள் மணிக்கு ஒருவர் என்று ஆனார்கள், நாளுக்கு ஒருவர் என்று ஆனார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் பார்த்தபோது, கடைசி வரி எழுதி இருபத்துமூன்று மணி நேரம் ஓடியிருந்தது. அவள் புத்தகத்தின்படி எழுதியவர் தன் படைப்பைத் தொடக்கூடாது. அறுபது வயதில், அடுக்களையில் ஈரக் கையோடு, முதல்முறையாகத் தொட்டாள். யாரோ ஒரு லாரி ஓட்டுநர் எழுதியதுபோல ஒரு வரி. இந்த ஒரு தடவைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்படிச் சொல்லிக்கொண்டு நிறுத்திய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

மறுவாரமும் வேண்டியிருந்தது. பிறகு தினமும் வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒரு கருவி ஒரு வரி என்று அவளே விதி வைத்திருந்ததால் ஏழு நாளைக்கு ஏழு கருவி தேடினாள். திங்கள், தன் போன். செவ்வாய், மகள் வீட்டு லேப்டாப். புதன், நூலகம். வியாழன், ஜெராக்ஸ் கடை. வெள்ளி, பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை. சனி, கார் ஓட்டப் பழக்கும் பள்ளியின் அலுவலகம். ஞாயிறு, நாத்தனாரின் டேப்லெட். கணவர் போனாலும் நாத்தனார் போகவில்லை. எல்லா இடத்திலும் ஒரே பொய்தான்: மெயில் பார்க்கணும். காய்ச்சலில் போனாள், மழையில் போனாள், முழங்கால் வீங்கியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

காலையில் எழுந்ததும் ஒரு நோட்டில் அன்றைய ஆளை உருவாக்குவாள். வேலை போன ஒருவன், தூக்கம் வராத செவிலி, பரீட்சையில் தோற்ற பெண். வரியை மனப்பாடம் செய்துகொண்டு, தாளைக் கிழித்துத் துண்டு துண்டாக்கி, போகிற வழியில் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிடுவாள். வீட்டுக் கூடையில் போட்டால், வந்துபோகும் மகள் பார்த்துவிடுவாளே. எழுதி அனுப்பியதும் மனதிலிருந்தும் துடைத்துவிடுவாள். நாலாயிரம் வரி இப்படிப் போயிற்று. இப்போது பக்கத்தில் இருந்த நூறும் அவளுடையவை. ஒரு நூறு பேர் வாழ்கிறார்கள் என்று உலகம் நம்பிய வீட்டில் ஒரு கிழவி மட்டும் அறை அறையாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் அருங்காட்சியகம் வந்தது. அதன் காப்பாளர், கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற பெண், இரண்டு முறை வீட்டுக்கே வந்தாள். நூறு வரியைத் தாங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். பெரிய கூடத்தின் சுவர் முழுக்க அது ஓடும், பார்க்க வருகிறவர்கள் அவரவர் போனிலேயே எழுதலாம், நாளைக்கு ஆயிரம் பேர் வருவார்கள். திங்கட்கிழமை குழு கூடிக் கையெழுத்துப் போடும்.

“ஒரே ஒரு விஷயம்மா. அதுவரைக்கும் அது உயிரோட இருக்கணும். பாதுகாப்புக்கு ஒரு நகல் மட்டும் எடுத்து வெச்சுக்கட்டுமா?”

“நகல் எடுத்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள் ராங் நம்பர். மேடைக் குரல் அப்படியே இருந்தது. காப்பாளர் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு ராங் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். சந்தோஷம்தான். திங்கட்கிழமைக்கு அப்புறம் தினமும் எங்கேயும் போக வேண்டாம். தான் செத்தாலும் அது சாகாது. ஆயிரம் தெரியாதவர்கள் வருவார்கள், இந்த முறை நிஜமாக.

அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளி. முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் கூட்டம், வரி போய்ச் சேர்ந்தபோது மணி சரியாக நாலு பத்து. எனவே இன்றைக்கு நாலு பத்துக்குள் எழுத வேண்டும். பல் மருத்துவமனை மூன்று மணிக்குத் திறக்கும். மூன்றே காலுக்கு உள்ளே போனாள். மேசையில் புதுப் பெண்.

“டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க.”

“எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்லம்மா. இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷம் மெயில் பாக்கணும். அந்தப் பொண்ணு எப்பவும் குடுக்கும்.”

“அவங்க அக்காவுக்குப் பிரசவம், ஒரு மாசம் லீவு. இது பேஷண்ட் விவரம் எல்லாம் இருக்கறதும்மா. வெளியாளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“நான் வெளியாள் இல்ல. ஆறு வருஷமா வரேன்.”

“ஆறு வருஷமாவா? அப்ப உங்க ஃபைல் நம்பர் சொல்லுங்க.”

ஆறு வருஷம் வந்தவளுக்கு ஒரு ஃபைல் இல்லை. ஒரு பல்லாவது பிடுங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கெஞ்சினாள், கையைக்கூடக் கூப்பினாள். புதுப் பெண் பயந்துபோய்த் திரையை இன்னும் தன் பக்கம் திருப்பிக்கொண்டது.

வெளியே வந்து மகளைக் கூப்பிட்டாள். மகள் பள்ளியில் பரீட்சை மேற்பார்வை, போன் அணைந்திருந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டாள், அவளிடம் இருப்பது அந்த டேப்லெட்டும் ஒரு பழைய பட்டன் போனும்தான், டேப்லெட்டுக்கு ஞாயிறுவரை வாயில்லை. தெரிந்தும் தன் போனில் முயன்று பார்த்தாள். ‘இந்தக் கருவி இந்த வாரம் பேசிவிட்டது. திங்கட்கிழமை வாருங்கள், காத்திருக்கிறோம்’ என்று வந்தது. அவளே எழுதிய வாசகம். மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு வாரம் யோசித்து எழுதியது. போனில் இருந்த மற்ற பேர்களைத் தள்ளிப் பார்த்தாள்: இறந்துபோனவர்கள், மருந்துக்கடை, குழாய் ரிப்பேர்க்காரர். குழாய்க்காரரையும் விடவில்லை. “ஞாயித்துக்கெழம வரேம்மா” என்று அவர் வைத்துவிட்டார். காப்பாளரை மட்டும் கேட்க முடியாது. உலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், அவளைக் கூடாது.

அந்தத் தெருவில் அந்த நேரத்தில் திறந்திருந்தது ஒரு பெயிண்ட் கடை. கல்லாவில் இருந்தவரிடம் போனாள். “தம்பி, உங்க போனை ரெண்டு நிமிஷம் தரீங்களா?” அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “யாருக்காவது பேசணுமா? நம்பர் சொல்லுங்க, நான் போட்டுத் தரேன்.” “பேசறதுக்கு இல்ல, ஒரு பக்கத்துல ஒரு வரி எழுதணும்.” அவர் போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “ஓடிபி வருமா? இப்படித்தான் எங்க மச்சான் போன வாரம் ஏமாந்தாரு. கிளம்புங்கம்மா.”

முப்பது வருஷம் தெரியாதவர்களைப் பற்றியே பேசியவள் ஒரு தெரியாதவரிடம் முகத்துக்கு நேரே, பொய் சொல்லாமல் எதையாவது கேட்டது அன்றைக்குத்தான். தொலைபேசி நிலையத்தில் அவர்களுக்கு இவள் முகம் தெரியாது. மேடையில் கேள்வி நேரம் என்று ஒன்று இருந்தாலும் பதில் சொல்வது இவள்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கே திரும்பினாள். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

காத்திருக்கும் அறையில் ஐந்து பேர். ஐந்து பேர் கையிலும் போன். ஐந்து பேரும் தலையைக் குனிந்து அதற்குள் இருந்தார்கள். பசியோடு இருப்பவள் முன்னால் ஐந்து இலை விரித்ததுபோல இருந்தது. முதலில் இருந்த பெண்ணிடம் குனிந்து கேட்டாள். அந்தப் பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, “எங்க வீட்டுக்காரர் யார்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்” என்று தள்ளி உட்கார்ந்தாள். அடுத்திருந்த இரண்டு பேர் தங்களைக் கேட்பதற்கு முன்பே தலையாட்டினார்கள். மேசைப் பெண், “அம்மா, பேஷண்ட்டைத் தொந்தரவு பண்ணாதீங்க” என்றது.

ஓரத்தில் ஒரு வெல்டர் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்கத் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டை. வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. அவருக்கு வாயைத் திறந்து மறுக்கத் தெம்பில்லையோ, இல்லை நல்ல மனசோ, கேட்டதும் போனை நீட்டிவிட்டார்.

“சீக்கிரம் அடிச்சுட்டுக் குடுங்கம்மா. என் டோக்கன் வந்துரும்.”

மணி நாலு. அவசரத்தில் முகவரி இரண்டு முறை தப்பிப் போயிற்று. மூன்றாவது முறை பக்கம் திறந்தது. நூறு வரிகள். வெல்டர் பக்கத்தில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது? இதெல்லாம் யாரு எழுதினது?”

“எல்லாரும்தான். யார் வேணா எழுதலாம்.”

அவர் உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். “பரீட்சைல மறுபடியும் தோத்துட்டேன், வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு... அடப் பாவமே. சின்னப் பொண்ணு போல. யாராவது ஏதாவது சொன்னாங்களா அதுக்கு?”

மேலும் கீழும் தள்ளித் தேடினார். யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ராங் நம்பர் ஒரு நாளைக்கு ஒரு துன்பத்தை எழுதினாளே தவிர, ஒன்றுக்காவது ஆறுதல் எழுத அவளுக்குத் தோன்றியதே இல்லை. பதினோரு வருஷமாக ஆட்கள் வந்து அழுதுவிட்டுப் போன அந்த இடத்தில் ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் மனப்பாடம் செய்து வந்தது குடையைத் தொலைத்த ஒரு குழந்தையின் வரி. இந்த மனுஷன் இல்லாத ஒரு பெண்ணுக்காக முகம் சுருங்கி உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய போனில், அவர் கண் எதிரே, இன்னொரு இல்லாத குழந்தையை எழுத அவளுக்குக் கை வரவில்லை. அவமானமாக இருந்தது. செத்துப்போகலாம் போல இருந்தது.

“நீங்க எழுதுங்க” என்று போனை அவர் கையிலேயே வைத்தாள்.

“நானா? எனக்கு என்னம்மா எழுதத் தெரியும்?”

“ஏதாவது. உங்களுக்கு என்ன தோணுதோ அது. நாலு பத்துக்குள்ள எழுதிருங்க, காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

அவர் யோசித்தார். ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினார். அழித்தார். மறுபடி எழுதினார். நாலு நாலு. நாலு ஐந்து. அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு ஆறு.

“டோக்கன் பதினாலு!”

வெல்டர் எழுந்துவிட்டார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். “அனுப்புங்க! எழுதின வரைக்கும் அனுப்புங்க!”

“இன்னும் முடிக்கலம்மா.”

“பரவால்ல, அனுப்பிருங்க!”

“பாதியில எப்படிம்மா அனுப்பறது? அந்தப் பொண்ணு தப்பா நெனச்சுக்கும்ல.”

செவிலி அவர் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிப் போனாள். போனும் போயிற்று. கதவு மூடியது. ராங் நம்பர் அந்தக் கதவைத் தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அடித்தாள். “ஒரு பொத்தானைத் தட்டிருங்க, ஒரே ஒரு பொத்தான்!” என்று கத்தினாள். மேசைப் பெண் ஓடி வந்து அவளை இடுப்பில் பிடித்து இழுத்தது. பையை அணைத்திருந்த பெண் எழுந்து வாசலுக்கே போய்விட்டாள். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் இரண்டைத் தொட்டது, தாண்டியது.

நாலு பதிமூன்றுக்கு வெல்டர் தானாகவே வெளியே வந்தார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பத்து நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள். பாதி வாய் செயலற்றிருந்தது.

“முடிச்சு அனுப்பினேம்மா. வெள்ளையா வருது. போகல போல” என்று குழறிக்கொண்டே போனைக் காட்டினார்.

நூறு வரியும் இல்லை. வெறும் வெள்ளை. அடியில் எழுதும் பெட்டிக்குள் அவர் எழுதியது மட்டும் போக இடமில்லாமல் நின்றது:

‘பரீட்சைல தோத்த பொண்ணுக்கு. நானும் ரெண்டு தடவ ஃபெயிலுதான்மா. வீட்டுக்குப் போ, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாப்பிட்டியா?’

அவள் அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுபடி அவர் பேரைச் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள்.

சற்று நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. காப்பாளர்.

“அம்மா, பக்கம் வெள்ளையா இருக்கு. எங்களுக்கு மட்டுமா, உங்களுக்குமா?”

“போயிடுச்சும்மா.”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ராங் நம்பர் சொல்லிவிட்டாள். “உங்களை ஏமாத்திட்டேன். அங்க யாரும் வரல. பதினோரு வருஷமா நான்தான் எழுதிட்டிருந்தேன். அத்தனையும் நான்தான்.”

“தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“மெஷின் இருக்கற பல்கலைக்கழகத்துல, வந்துபோன கருவிகளோட பட்டியல் குடுத்தாங்க. பதினோரு வருஷத்துல எந்த வாரத்த எடுத்தாலும் ஏழே ஏழு கருவிதான். குழுவுல எல்லாருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சுமா எடுத்துக்கறேன்னு சொன்னீங்க?”

“அதுக்காகத்தான்மா எடுத்துக்கறதா இருந்தோம்” என்றாள் காப்பாளர். “ஒரு மனுஷி தினமும் வீடு வீடாப் போய் நாலாயிரம் பேரா எழுதி ஒண்ண உயிரோட வெச்சிருந்திருக்காங்க. இது மாதிரி எங்கேயும் இல்ல. நாங்க கேட்டது நீங்க எழுதினதத்தான். திங்கக்கிழமை உங்ககிட்ட நேர்ல சொல்லலாம்னு இருந்தோம்.”

முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று ராங் நம்பருக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

“எதையாவது எழுதி வெச்சிருக்கீங்களாம்மா? நோட்டு, துண்டுச் சீட்டு?”

“எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டேன். நீங்க? நீங்க படிச்சிருப்பீங்கல்ல?”

“படிச்சோம். எழுதி வெச்சா அதுவும் நகல்தானேன்னு விட்டுட்டோம். நீங்க அவ்வளவு கண்டிப்பாச் சொன்னீங்க.”

உள்ளே பல் பிடுங்கும் அறையில் இரும்பு ஏதோ தட்டில் விழுந்தது. காப்பாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணாவது ஞாபகம் இருக்கான்னு பாருங்கம்மா. ஒரே ஒரு வரி. நான் இப்பவே எழுதிக்கறேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் நாள் எழுதிய லாரி ஓட்டுநரைத் தேடினாள். ஆள் இருந்தார், வரி இல்லை. செவிலியைத் தேடினாள். நேற்று ஜெராக்ஸ் கடையில் கூட்டத்துக்கு நடுவில் நின்று எழுதியதைத் தேடினாள். காலையில் மனப்பாடம் செய்த குடைகூட எங்கோ போய்விட்டது. மறப்பதற்கென்றே பழகிய மனசு, கேட்டபோது கையை விரித்தது. நாலாயிரத்தில் ஒன்று வரவில்லை. ஒரே ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வந்து நின்றது. வாய் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

“பரீட்சைல தோத்த பொண்ணுக்கு. நானும் ரெண்டு தடவ ஃபெயிலுதான்மா. வீட்டுக்குப் போ, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாப்பிட்டியா?”

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. எழுதி முடித்துக் காப்பாளர் படித்துப் பார்த்தாள்.

“எவ்வளவு நல்லா இருக்கு! இத நீங்க எந்த வருஷம் எழுதினீங்கம்மா?”

“இத நான் எழுதல” என்றாள் ராங் நம்பர்.